வைடு லென்ஸும் நான்கு மூலைகளும்

புது வைடு லென்ஸ் வாங்கியவர்கள் முதல் படத்தைக் கணினியில் திறந்ததும் செய்கிற காரியம் பெரும்பாலும் ஒன்றுதான். படத்தின் மூலைக்குப் போய் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். நடுவில் இலை இலையாகத் தெரிந்த மரம் மூலையில் வெறும் பச்சையாகக் கலங்கியிருக்கும். அன்று இரவே, லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்ற யோசனை தொடங்கிவிடும்.

அந்த நூறு சதவீதம் எவ்வளவு பெரிது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 24 மெகாபிக்சல் படம் அகலவாக்கில் 6000 பிக்சல். சாதாரண 24 அங்குல ஃபுல் எச்.டி. மானிட்டரில் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 92 பிக்சல். முழுப் படத்தையும் அந்த அளவில் விரித்தால் 65 அங்குலம், அதாவது சுமார் ஐந்தரை அடி அகலம் வரும். 45 மெகாபிக்சல் கேமராவானால் ஏழரை அடி. அத்தனை பெரிய படத்தைச் சுவரில் மாட்டி, அதன் மூலையை ஒன்றரை அடி தூரத்திலிருந்து உற்றுப் பார்க்கக்கூடியவர் உலகத்தில் அந்த லென்ஸுக்குப் பணம் கொடுத்தவர் ஒருவர்தான்.

அதற்காக அவருடைய சந்தேகத்தைச் சிரித்து ஒதுக்கிவிடவும் முடியாது. மூலை கலங்குவதற்கு மூன்று விதமான காரணங்கள் உண்டு. அந்த லென்ஸின் வடிவமைப்பே அவ்வளவுதான் என்பது ஒன்று. வடிவமைப்பு நன்றாக இருந்தும், கைக்கு வந்த அந்த ஒரு லென்ஸ் மட்டும் தொழிற்சாலையில் சரியாகக் கோக்கப்படாதது இன்னொன்று. லென்ஸில் ஒரு குறையும் இல்லாமல் படம் எடுத்த முறையிலோ சோதித்த முறையிலோ பிசகியிருப்பது மூன்றாவது. முதலாவது என்றால் வேறு மாடல் தேட வேண்டும். இரண்டாவது என்றால் அதே மாடலில் வேறொன்று கேட்கலாம். மூன்றாவதுக்குச் செலவே இல்லை. லென்ஸ் ஷார்ப்பா, இல்லையா என்று நடக்கும் வாதங்களில் பெரும்பகுதி இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருவது என்பது என் எண்ணம். அதிலும் வைடு லென்ஸ்கள் சாதாரண லென்ஸ்களுக்கான அளவுகோலில் அளக்கப்பட்டு, செய்யாத குற்றத்துக்கும் பேர் வாங்குகின்றன.

அகலமாகப் பார்க்கும் லென்ஸைச் செய்வது ஏன் கடினம் என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். ஒற்றை நிற ஒளியிலும் லென்ஸில் வரக்கூடிய பிழைகளை ஐந்து வகையாகப் பிரித்துக் கணிதத்தில் எழுதியவர் ஜெர்மானியரான லுட்விக் சைடல், 1850களில். அந்த ஐந்தில் நான்கு, பார்வைக் கோணம் மையத்திலிருந்து விலக விலக வளர்பவை. பிழை ஒரு பக்கம் இருக்க, மூலைக்குப் போய்ச் சேரும் ஒளியே குறைவு. சாய்ந்து விழும் ஒளி, சாய்வுக் கோணத்தின் கொசைன் மதிப்பின் நான்காம் அடுக்கு அளவில் மங்குகிறது. 36×24 மி.மீ. சென்சாரில் 16 மி.மீ. லென்ஸுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் மூலைக்கு மையத்தின் எட்டில் ஒரு பங்கு ஒளிதான் கிடைக்க வேண்டும். 1900இல் கோர்ட்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ஹைப்பர்கான் லென்ஸ் 130 பாகைக்கு மேல் பார்த்தது. இந்த ஒளிக்குறைவைச் சமாளிக்க அதன் முன்னால் நட்சத்திர வடிவிலான சிறு விசிறி ஒன்று சுழன்று நடுப்பகுதியின் ஒளியை மறைத்துக்கொடுத்தது. அதன் வேலை செய்யும் திறப்பு எஃப்/22. அதை நினைத்தால், இன்று எஃப்/1.8 திறப்பில் மூலையில் நட்சத்திரம் புள்ளியாக வரவில்லை என்று நாம் கோபித்துக்கொள்வது வேடிக்கைதான்.

அடுத்த தடை கேமராவிலிருந்தே வந்தது. எஸ்.எல்.ஆர். கேமராவில் கண்ணாடி மேலும் கீழும் ஆடுவதற்கு இடம் வேண்டும். லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவே கேனான் இ.எஃப். மவுண்டில் 44 மி.மீ., நிக்கான் எஃப். மவுண்டில் 46.5 மி.மீ. இடைவெளி. 20 மி.மீ. லென்ஸை அவ்வளவு தூரத்தில் நிறுத்த, முன்னால் பெரிய குழிவில்லை வைத்து ஒளியை விரித்து, பின்னால் அதைக் குவிக்க வேண்டும். இந்த ரெட்ரோஃபோகஸ் முறையில் 1950இல் பிரான்ஸின் ஆஞ்செனியூ 35 மி.மீ. லென்ஸை எஸ்.எல்.ஆருக்காகக் கொண்டுவந்தார். கண்ணாடி இல்லாத கேமராக்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. 1954இல் வந்த லுட்விக் பெர்ட்டெலேயின் 21 மி.மீ. பயோகான், ஃபிலிமை ஒட்டினாற்போல் பின்புற வில்லையை வைத்துக்கொண்டு கோடு வளையாமல் வரைந்தது. இன்றைய மிரர்லெஸ் மவுண்டுகளில் இடைவெளி கேனானில் 20 மி.மீ., நிக்கானில் 16 மி.மீ. எனச் சுருங்கியிருப்பதால் வடிவமைப்பாளர்களுக்கு அந்தச் சுதந்திரம் பெருமளவு திரும்பக் கிடைத்துவிட்டது. பழைய ரேஞ்ச்ஃபைண்டர் வைடு லென்ஸை அடாப்டர் போட்டு மிரர்லெஸ் கேமராவில் மாட்டி, மூலை குழம்புகிறது என்று வருந்துபவர்கள் மட்டும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சென்சாருக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தகடு இருக்கிறது. மிகவும் சாய்ந்து வரும் ஒளியை அது இழுத்துக் கெடுக்கிறது. ஃபிலிமுக்கு அப்படி ஒன்று கிடையாது. அங்கே பழி லென்ஸுடையது அல்ல.

வாங்குவதற்கு முன் பலர் நம்புவது எம்.டி.எஃப். வரைபடத்தை. மையத்திலிருந்து மூலை வரை, அதாவது 0 முதல் 21.6 மி.மீ. வரை, மெல்லிய கோடுகளின் மாறுபாட்டை லென்ஸ் எவ்வளவு காப்பாற்றுகிறது என்று அது காட்டும். வழக்கமாக மில்லிமீட்டருக்கு 10 கோட்டிணைகள், 30 கோட்டிணைகள் என்று இரண்டு அளவு. ஒவ்வொன்றிலும் ஆரத் திசைக்கு ஒரு கோடு, குறுக்குத் திசைக்கு ஒரு கோடு. இரண்டும் பிரிந்து ஓடினால் அந்த இடத்தில் இலைகளும் கிளைகளும் ஒரு பக்கமாக இழுபடும் என்று எதிர்பார்க்கலாம். படிக்கத் தெரிந்தவருக்கு இது நல்ல ஆவணம்தான். ஆனால் கேனானும் நிக்கானும் வெளியிடுபவை வடிவமைப்பிலிருந்து கணினி போட்ட கணக்கு. உண்மையான லென்ஸை அளந்து வெளியிடுவதைப் பெருமையாகச் சொல்லிவந்தது ஜைஸ் போன்ற சில நிறுவனங்கள்தான். கணக்கில் வரும் லென்ஸில் எந்த வில்லையும் இம்மியளவும் சாய்ந்திராது. ஆகவே எம்.டி.எஃப். வரைபடம் முதல் கேள்விக்கு மட்டுமே, வடிவமைப்பு எப்படி என்பதற்கு மட்டுமே, பதில் சொல்லும்.

கைக்கு வந்த லென்ஸ் எப்படி என்பதற்குச் சோதனைதான் வழி. வீட்டில் செய்யும் சோதனைகளில் புகழ்பெற்றவை இரண்டு: அச்சிட்ட சார்ட், செங்கல் சுவர். வைடு லென்ஸுக்கு இரண்டுமே மோசமான தேர்வு.

சார்ட்டை எடுத்துக்கொள்வோம். 14 மி.மீ. லென்ஸில் சட்டகத்தின் அகலம், தூரத்தைப் போல் 2.57 மடங்கு. ஒன்றரை மீட்டர் அகலமுள்ள சார்ட் சட்டகத்தை நிரப்ப வேண்டுமானால் கேமராவை 58 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் அச்சிட்ட ஏ3 தாள் என்றால் 16 செ.மீ.! அந்தத் தூரத்தில் யார் நிலக்காட்சி எடுக்கிறார்கள்? பல வைடு லென்ஸ்கள் கிட்டத்தில் ஒரு விதமாகவும் தொலைவில் வேறு விதமாகவும் நடந்துகொள்பவை. அவற்றின் குவியப் பரப்பு தட்டையாக இருப்பதில்லை. அந்த வளைவும் தூரத்தைப் பொறுத்து மாறும். அரை மீட்டரில் மூலை கலங்குகிறது என்பதிலிருந்து அரைக் கிலோமீட்டரில் என்ன நடக்கும் என்று ஊகிக்க வழியில்லை.

செங்கல் சுவரின் சிக்கல் வேறு. கேமராவின் சென்சார் சுவருக்கு மிகச் சரியாக இணையாக நிற்க வேண்டும். கண்ணால் பார்த்து நிறுத்தினால் ஒரு பாகை, இரண்டு பாகை சாய்வு வரத்தான் செய்யும். சட்டகத்தின் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் தூரம் மாறிவிடும். முழுத் திறப்பில் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் வரும். நல்ல லென்ஸ் கெட்ட லென்ஸாகிவிடும்.

இவற்றைவிட நம்பத்தக்க முறை ஒன்று இருக்கிறது, செலவும் இல்லை. நுணுக்கமான விவரமுள்ள ஒரு பொருளைத் தொலைவில், இருநூறு மீட்டருக்கு அப்பால், தேர்ந்துகொள்ள வேண்டும். செல்போன் கோபுரம், உயரழுத்த மின்கம்பம், கம்பிக் கிராதியுள்ள மொட்டை மாடி, எதுவானாலும் சரி. காலை வேளையே நல்லது. பத்து மணிக்கு மேல் நம் ஊர் வெயிலில் தார்ச்சாலைக்கும் மாடிகளுக்கும் மேலே காற்று நெளியும், அதில் எந்த லென்ஸும் தோற்றுவிடும். கேமராவை ட்ரைபாடில் வைத்து, ஐ.எஸ்.ஓ. 100, நடுக்கக் குறைப்பை அணைத்து, டைமர் வைத்து, லைவ் வியூவில் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்ய வேண்டும். கோபுரத்தைச் சட்டகத்தின் நடுவில் வைத்து முழுத் திறப்பில் ஒரு படம். பிறகு ஃபோகஸைத் தொடாமல் கேமராவை மட்டும் திருப்பி, அதே கோபுரத்தை மேல் இடது, மேல் வலது, கீழ் இடது, கீழ் வலது மூலைகளில் கொண்டுவந்து ஒவ்வொன்று. கேமரா நின்ற இடத்திலேயே திரும்புவதால் தூரம் மாறாது. இணையாக நிறுத்த வேண்டிய கவலையும் இல்லை.

இப்போது ஒப்பிட வேண்டியது நடுவையும் மூலையையும் அல்ல, மூலையையும் மூலையையும். நான்கும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது வடிவமைப்பின் எல்லை. லென்ஸை மாற்றினாலும் வரப்போவது அதுவேதான். மூன்று தெளிவாக இருந்து ஒன்று மட்டும் குழம்பினாலோ, இடப்பக்கம் முழுக்கப் பிசகியிருந்தாலோ, ஏதோ ஒரு வில்லை சாய்ந்தோ நகர்ந்தோ இருக்கிறது. இன்னொரு படி உண்டு: அந்தக் கெட்ட மூலையில் கோபுரத்தை வைத்து அங்கேயே ஃபோகஸ் செய்து பார்ப்பது. அது தெளிந்து மற்ற மூலைகள் மங்கினால் குவியப் பரப்பு சாய்ந்திருக்கிறது. எப்படித் திருகினாலும் தெளியவில்லை என்றால் வில்லை மையம் விலகியிருக்கிறது. ஜூமானால் இதையெல்லாம் குறைந்தது இரண்டு குவியத் தூரத்திலாவது செய்ய வேண்டும். அகல முனையில் வலப்பக்கம் கெட்டு, நீள முனையில் இடப்பக்கம் கெடும் ஜூம்களும் உண்டு. கடைசியாக, வேறொரு லென்ஸிலும் அதே மூலை மங்கினால் லென்ஸை விட்டுவிட்டுக் கேமராவின் மவுண்டைச் சந்தேகப்பட வேண்டும்.

அமெரிக்காவில் லென்ஸ்ரென்டல்ஸ் என்ற வாடகை நிறுவனத்தைத் தொடங்கிய ராஜர் சிக்காலா, ஒரே மாடலில் பல லென்ஸ்களை ஒளியியல் மேடையில் ஏற்றி அளந்து வெளியிட்டுவந்தார். ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை, ஒற்றைக் குவிய லென்ஸைவிட ஜூமில் வேறுபாடு அதிகம் என்பதை அந்த அளவீடுகள் திரும்பத் திரும்பக் காட்டின. ஆகவே நான்கு மூலைகளும் அச்சாக ஒத்துப்போகும் வைடு ஜூமை எதிர்பார்த்து ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக்கொண்டிருப்பதில் பொருளில்லை. எஃப்/8இல் மறைந்துவிடும் வேறுபாட்டை விட்டுவிடலாம். எஃப்/8இலும் நிற்கும் வேறுபாட்டை விடக்கூடாது.

இனி லென்ஸ் செய்யாத குற்றங்கள். முதலில், வைடு லென்ஸ் எல்லாவற்றையும் சிறிதாக்குகிறது என்ற எளிய உண்மை. தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தின் உயரம் ஏறக்குறைய 66 மீட்டர். 16 மி.மீ. லென்ஸை நெடுக்குவாக்கில் பிடித்து, கேமராவை நிமிர்த்தாமல் மட்டமாக வைத்தால், அறுபது மீட்டர் தூரத்தில்தான் கலசம் சட்டகத்துக்குள் வரும். 24 மெகாபிக்சலில் அந்தத் தூரத்தில் ஒரு பிக்சல் என்பது இரண்டேகால் செ.மீ. சிற்பத்தின் விரல் ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும். எந்த நிறுவனத்தின் எந்த லென்ஸாலும் நகத்தைக் காட்ட முடியாது. போதாததற்குக் கலசம் வந்து நிற்பது சட்டகத்தின் விளிம்பில், லென்ஸ் மிகவும் பலவீனமாக உள்ள இடத்தில். ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மலைச்சரிவென்றால் ஒரு பிக்சல் 37 செ.மீ.; அங்கே இலை தெரியவில்லை என்று புகார் சொல்ல இலை அவ்வளவு பெரிதாக இல்லை.

இரண்டாவது, ஓரத்தில் இழுபடுவது. நேர்கோடுகளை நேர்கோடாகவே காட்டும் லென்ஸ் எதுவும் ஓரத்திலுள்ள உருண்டையை நீட்டித்தான் ஆக வேண்டும். இது வடிவியல், தவிர்க்க வழியில்லை. 24 மி.மீ. லென்ஸில் சட்டகத்தின் பக்க ஓரத்தில் நிற்பவரின் தலை, உயரத்தைப் போல் ஒன்றேகால் மடங்கு அகலமாகும். 16 மி.மீ. ஆனால் ஒன்றரை மடங்கு. மண்டபத்தில் இடம் போதவில்லை என்று கல்யாணக் குரூப் போட்டோவை 16இல் எடுத்து, ஓரத்தில் நின்ற சித்தப்பாவைக் குண்டாக்கிவிட்டு, லென்ஸில் டிஸ்டார்ஷன் என்று சொல்வது நியாயமில்லை. இழுபட்ட முகம் மென்மையாகவும் தெரியும். விவரம் அதிகப் பிக்சல்களில் பரவிவிடுகிறது அல்லவா.

மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை: ஹைப்பர்ஃபோகல் தூரம். 20 மி.மீ. லென்ஸை எஃப்/8இல் 1.7 மீட்டருக்குக் குவித்தால் அதில் பாதித் தூரத்திலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவு என்று பாடப்புத்தகம் சொல்லும். அந்தத் தெளிவுக்கு அது வைத்துக்கொண்ட வரையறை, ஒரு புள்ளி 0.03 மி.மீ. வட்டமாகப் பரவலாம் என்பது. ஃபிலிம் காலத்தில், கைக்கடக்கமான பிரிண்டுக்கு அது போதும். 24 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 6 மைக்ரான், 0.03 மி.மீ. என்பது ஐந்து பிக்சல். 61 மெகாபிக்சலில் எட்டு. ஹைப்பர்ஃபோகலில் வைத்துவிட்டு மலை மங்கல் என்பவர், தானே அனுமதித்த மங்கலைத்தான் பார்க்கிறார்.

திறப்பைச் சுருக்கிக்கொண்டே போனாலும் தீராது. ஒளி அலை என்பதால் எஃப்/8இலேயே ஒரு புள்ளி கிட்டத்தட்ட 11 மைக்ரான் வட்டமாகிவிடுகிறது, எஃப்/16இல் 21, எஃப்/22இல் 29. அப்படியானால் 1932இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலானோர் தங்கள் குழுவுக்கு எஃப்/64 என்று ஏன் பெயர் வைத்துக்கொண்டார்கள்? அந்தத் திறப்பில் வட்டம் 86 மைக்ரான். ஆனால் 8×10 அங்குல நெகட்டிவைப் பெரிதாக்காமல் தாளோடு ஒட்டிவைத்து அச்சிட்டால், 0.086 மி.மீ. என்பது கையில் பிடித்துப் பார்க்கும் கண்ணின் எல்லையை ஒட்டித்தான் இருக்கும். கூர்மை என்பது எத்தனை மடங்கு பெரிதாக்கப் போகிறோம் என்பதோடு கட்டுண்டது.

மென்பொருள் விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. கேனான் ஆர்.எஃப். 16 மி.மீ. எஃப்/2.8 போன்ற சிறிய, மலிவான லென்ஸ்கள் பீப்பாய் வளைவை லென்ஸுக்குள் திருத்துவதே இல்லை. கேமராவும் கணினியும் திருத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகின்றன. திருத்தாத ரா கோப்பை டார்க்டேபிள் போன்ற மென்பொருளில் திறந்தால் கோடுகள் வளைந்து, மூலைகள் கறுத்திருக்கும். இது மோசடி என்பது ஒரு கட்சி. கடைசியில் வரும் படம்தான் முக்கியம் என்பது மற்றது. நான் இரண்டாவது கட்சி, ஒரு நிபந்தனையோடு. வளைவை நிமிர்த்தும்போது மூலை வெளிப்பக்கமாக இழுக்கப்படுகிறது. இருளை ஏற்றும்போது அங்கே நாய்ஸும் ஏறுகிறது. நாய்ஸை அடக்கும்போது இலைகளும் சேர்ந்து அழிகின்றன. விலைக்கும் எடைக்கும் அது நியாயமான பரிமாற்றம்தான். ஆனால் சோதனையைத் திருத்திய படத்தில்தான் செய்ய வேண்டும். கறுத்த மூலையைக் கண்டு பதறுவதும் வீண், திருத்துமுன் இருந்த கூர்மையைக் கண்டு மகிழ்வதும் வீண்.

போதுமா என்ற கேள்வி இங்கே வருகிறது. எதற்குப் போதுமா? 4கே திரைக்கு வேண்டியது 83 லட்சம் பிக்சல். 24 மெகாபிக்சல் படம் அதில் ஏறும்போது நீளவாக்கில் பாதிக்குச் சற்று மேலாகச் சுருங்குகிறது, மூலைக் குறைகள் அதில் பெரும்பாலும் கரைந்துவிடும். ஃப்ளெக்ஸ் பேனரைப் பற்றிப் பேசவே வேண்டாம். கல்யாண ஆல்பத்தின் 12×36 அங்குல விரிப்பு சற்றுக் கடினமான பரீட்சை: 24 மெகாபிக்சல் படத்தை அதன் முழு நீளத்துக்கும் விரித்தால் அங்குலத்துக்கு 167 பிக்சல்தான் கிடைக்கும், மடியில் வைத்துப் பார்ப்பார்கள். ஆனாலும் மூலையில் இருப்பது பந்தல் துணியாகவோ நாற்காலியாகவோதான் இருக்கும். கட்டடப் படம் எடுப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது; அவருக்குத் தூணும் கூரையும் மூலையில்தான். எஃப்/8இல் நான்கு மூலையும் சமமாக இருக்கிறதா என்பது மட்டுமே அவர் கேள்வி, முழுத் திறப்பில் என்ன நடந்தால் அவருக்கென்ன.

அவருக்கு லென்ஸை மாற்றாமலே ஒரு வழியும் இருக்கிறது. 1858இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அசையாத பொருளாக இருந்தால், 50 மி.மீ. லென்ஸில் ஆறேழு படம் எடுத்துத் தைப்பது இன்றும் எந்த விலையுயர்ந்த வைடு லென்ஸையும் கூர்மையில் தோற்கடிக்கும்.

தைப்பதும் எளிதல்லாத, திறப்பை அதிகம் சுருக்கவும் முடியாத இடம் இரவு வானம். அங்கேதான் வைடு லென்ஸ் உண்மையாகவே பரீட்சை எழுதுகிறது. ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு புள்ளி. மூலையில் அது இறக்கை முளைத்துப் பறவையாவதை எந்தப் பந்தல் துணியும் மறைக்காது. கொடைக்கானலில் பால்வீதி எடுக்கப் போகிறவர் மூலையைக் கறாராகப் பார்ப்பதில் தவறே இல்லை. ஆனால் அவரும் முதலில் நடுவிலுள்ள நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். 500ஐக் குவியத் தூரத்தால் வகுத்து வரும் விநாடி வரை ஷட்டரைத் திறக்கலாம் என்ற பழைய விதிப்படி, 14 மி.மீ. லென்ஸில் 35 விநாடி. அதற்குள் வான நடுக்கோட்டருகே உள்ள நட்சத்திரம் 24 மெகாபிக்சல் சென்சாரில் ஆறு பிக்சல் நகர்ந்துவிடும். நம் அட்சரேகையில் அந்த நடுக்கோடு கிட்டத்தட்டத் தலைக்கு மேலேதான் போகிறது. நடுவிலேயே கோடிழுத்திருந்தால் அது பூமி சுழன்றது. நேரத்தைப் பத்து விநாடிக்குக் குறைத்து, ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி, மறுபடி எடுக்க வேண்டும். நடு புள்ளியாகி, நான்கு மூலையிலும் சிறகு ஒரே அளவில் விரிந்திருந்தால் ஒரு ஸ்டாப் சுருக்கிப் பார்க்கலாம். மூன்றில் சுருங்கி ஒன்றில் மட்டும் விரிந்தே நின்றால், அட்டைப் பெட்டியையும் பில்லையும் தேட வேண்டியதுதான்.